இடையில் இறங்காத விமானம்

கூத்தாநல்லூர் கடைத்தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
மர்ஜியா டிராவல்ஸ்.
மர்ஜியா நான்தான்.

பத்தொன்பது வருஷமாக நான் விற்றது
முக்கால்வாசி காத்திருப்பு.
துபாயில் ஐந்து மணி நேரம், பிராங்க்பர்ட்டில் எட்டு.
டிக்கெட்டோடு துண்டுச் சீட்டு ஒன்றும் பின் அடித்துத் தருவேன்:
மஞ்சள் பலகையைப் பார்த்து நடக்கவும்.
ஆளில்லாத ரயில் வரும், பயப்படாமல் ஏறவும்.
தூங்கிவிடக் கூடாது.

போன வருஷம் புது விமானம் வந்தது.
கரி நூலைப் பிசினில் தோய்த்து
பட்டை பட்டையாக அடுக்கிச்
சூளையில் வேகவைத்த உடம்பாம்.
கதிர் முற்றினால் கீழே சாயும்;
இதன் இறக்கை
பாரம் ஏற ஏற மேலே வளைகிறது.
பதினாறு மணி நேரம், எங்கும் இறங்காது.

வடபாதிமங்கலம் கலியமூர்த்தி
அறுவடை மிஷின் வைத்திருப்பவர்.
மகள் பிரசவத்துக்குப் போய் வந்தவர்
குழந்தை யார் ஜாடை என்றுகூடச் சொல்லவில்லை.
"ஒரு ஆளுக்கு நூறு கிலோமீட்டருக்கு
ரெண்டரை லிட்டர் சொச்சம்தான் குடிக்குதாம்.
என் புல்லட்டே மூணு கேக்குது.
மிஷின் சேத்துல எறங்குனா மணிக்குப் பத்து."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"மிச்சம் பிடிச்ச எண்ணெய்க் காசு எங்கம்மா?
டிக்கெட்ல காணுமே?"
கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
எனக்கும் தெரியவில்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்:
"டீசல் கம்மியாக் குடிக்கிற இன்ஜின் வந்தப்ப
மிச்சமாகும்னுதான் நாங்களும் நெனச்சோம்.
மூணாம் போகம் வச்சோம்.
இப்ப போர்த்தண்ணி உப்புக் கரிக்குது."

வாரம் மூன்று பறந்த ஊருக்கு
இப்போது தினம் ஒன்று.
எனக்கும் கூட்டம்தான்.
இரண்டாவது நாற்காலி வாங்கினேன், ஏசி போட்டேன்.
வானத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

செவ்வாய்க்கிழமை, மழை விட்ட நேரம்,
பொதக்குடியிலிருந்து ஷர்புன்னிசா வந்தார்.
கணவருக்கு டிக்கெட்.
"அந்தப் பழைய விமானமே போடுங்க."

ஏன் என்றேன்.

"நடுவுல எறங்குனா போன் வரும்.
சாப்டியா, கேஸ் மாத்துனியாம்பாக.
வீட்டுல இருக்கிற நாப்பது நாளும்
டிவியத்தான் பாப்பாக.
அந்த அஞ்சு மணி நேரம்
பொழுது போகாமப் பேசுவாக.
ஒருவாட்டி, எங்க நிக்காஹ் அன்னிக்கு
மழையில பந்தல் சாஞ்சதை
முழுசாச் சொன்னாக.
எனக்கே மறந்துபோச்சு அது.
இப்ப ஏறுனா அங்கதான் எறங்குறாக."

விலை பார்த்தேன்.
நின்று போனால் நாலாயிரம் குறைவு.
"நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க" என்றார்.

அவர் எதிரிலேயே கணவருக்கு போன் போட்டேன்.
நேர் விமானம் நிரம்பிவிட்டது, பாய்,
துபாய் வழிதான் இருக்கிறது என்றேன்.

திரையில்
இருபத்தொரு இருக்கை காலி.