மூச்சை இழுத்துப் பிடிங்க

வில்லாபுரத்து மரக்கடையில்
"நிலைக்கா, ஜன்னலுக்கா?" என்றார் பக்கீர் ராவுத்தர்.
வில்லுக்கு என்றேன்.
"வில்வண்டி ஓடி நாப்பது வருசமாச்சேம்மா."
இல்லை பாய், அம்பு விடுகிற வில்.
என்னை ஒருமுறை செருப்பு வரைக்கும் பார்த்துவிட்டு
"சரிதான், ஊர்ப் பேர்லயே இருக்கே" என்று
தானே சிரித்துப் பின்கொட்டகைக்கு வழிவிட்டார்.

கப்பலில் வந்தவை அங்கே கிடந்தன.
தூத்துக்குடியில் இறங்கி லாரியில் ஏறி
இந்த வெயிலுக்குப் பழகிக்கொண்டிருந்தவை.
ஆப்பிரிக்கப் படாக்கைத் தொட்டால் விரலெல்லாம் குங்குமம்.
ஊதாக்கட்டை அறுத்த அன்று காவி நிறமாம்,
வெயில் பட்டுப் பட்டுக் கத்தரிக்காயாகிவிட்டது.
அழகுதான்.
வளைத்தால் நிமிர மறந்துவிடும் என்று பயம்.

எனக்கு ஏற்கெனவே மூன்று வில் உடைந்திருக்கிறது.
கண்மாயில் வெட்டிய சீமைக்கருவேலம்
அதுவும் கடல் தாண்டி வந்ததுதானே என்று நம்பினேன்,
முழு இழுப்பில் வெடித்தது.
தாடையில் நாலு தையல்,
நான் வேலை பார்க்கிற மெஷினிலேயே படம்.

மூலையில் இப்பே.
பிரேசில் சரக்கு, ஆறடிப் பலகை,
தட்டினால் வெண்கலக் கும்பா.
ஒரு சீவலை அவர் குடிக்கிற தண்ணீர் டம்ளரில் போட்டேன்.
நேராக அடியில் போய் உட்கார்ந்தது.
"மரம் முங்குமா?"
இது முங்கும் பாய்.
அந்த ஆச்சரியத்திலேயே விலையை ஏற்றிவிட்டார்.

ஷேர் ஆட்டோவில் பலகையின் தலை
டிரைவரின் காதோரம் நீட்டிக்கொண்டு வந்தது.
"இதுக்கு அரை டிக்கெட் போடவா?"
அண்ணாநகர் ஸ்கேன் சென்டரில்
கடைசி ஆள் ஒச்சம்மாள், வலது முழங்கால்.
அவள் நொண்டிப் படி இறங்கியதும் கதவைச் சாத்தினேன்.

பலகையை மேஜையில் கிடத்தி
கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று
மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன்.
பழக்கம்.

திரையில் வளையங்கள் தெரியவில்லை.
குளிரே இல்லாத காட்டில் வயதை எதற்கு எழுதிவைக்க?
வாரிவிட்ட முடி போல நார்கள்,
முனையிலிருந்து முனைக்கு ஒரே ஓட்டம்.
நடுவுக்குக் கிட்டே மட்டும்
மிளகளவு வெள்ளை.

அந்த வெள்ளை எனக்குத் தெரியும்.
எலும்பில்லை, ஆணியில்லை.
நத்தம் பக்கம் பன்றிக்கு வைத்த குறிக்குத்
தொடையைக் கொடுத்தவரின் படத்தில் பார்த்தது.
ஈயம்.

யார் சுட்டார்களோ.
எந்தப் பறவையோ, எந்தக் குரங்கோ தப்பித்திருக்கிறது.
மரம் அதன் மேல் தோலை மூடிக்கொண்டு
பெருத்துக்கொண்டே போயிருக்கிறது.

போனில் ராவுத்தர்
"மாத்திக்கங்கம்மா, வேற தர்றேன்" என்றார்.
டேப்பை எடுத்தேன்.
இந்த முனையிலிருந்து முப்பத்தைந்து அங்குலம்.
இங்கே இரண்டு அங்குலம் கழித்து
அங்கே நான்கு அங்குலம் கழித்தால்
அறுபத்தாறு அங்குல வில்லின் நட்டநடுவில் வந்து நிற்கிறது குண்டு.
கை மட்டும் வளையும்.
பிடி வளையாது.

பதினோரு இரவு அரம்.
பசுமஞ்சளாகத் தூள் புருவம் வரை.
சோப்புப் போட்டதும்
வாஷ்பேசின் முழுக்க ஆரத்தித் தண்ணீர்.
யாருக்குக் கண் பட்டதோ.
முதுகில் மூங்கில் பட்டை ஒட்டி
சுவரில் தொங்கவிட்டு
அங்குலம் அங்குலமாக இழுத்துக் கேட்டேன்,
இதுவரை வருவியா, இதுவரை.
முப்பத்தெட்டுப் பவுண்டில் சம்மதித்தது.

ஞாயிற்றுக்கிழமை நாகமலை அடிவாரம்.
வைக்கோல் சாக்கு, அதில் சுண்ணாம்புப் பொட்டு.
உள்ளங்கைக்குள் அந்த மிளகு இருக்கிறது,
தொட்டால் தெரியாது.
மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

முதல் அம்பு சாக்குக்கு மேலே போய்விட்டது.
இருட்டும் வரை தேடினேன்.
பனைகள் அத்தனையும்
ஒன்றும் நடக்காத மாதிரி நின்றுகொண்டிருந்தன.