ஒன்பதாம் கட்டம்

மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைதோறும்
எனக்கு ஒரு மேசை தருவார்கள்.
ஒரு கால் குட்டை.
யாரோ கையெழுத்திடாமல் போன வக்காலத்துத் தாளை
எட்டாக மடித்து முட்டுக்கொடுத்து
அதன்மேல்தான் எழுதுவது.

பெயர்: மரிய புளோரா.
ஊர்: பேசாலை.
உடன் வந்தவர்: மகன், வயது ஏழு.
வந்த வழி: கடல்.
கையில் உள்ள ஆவணம்: பிறப்புச் சான்று ஒன்று.
பிளாஸ்டிக் உறை மூன்று போட்டும்
மகன் பிறந்த மாதம் கரைந்து
நீலத் திட்டாய் நிற்கிறது.
ஏழாவது கட்டம், கரையேறிய இடம்.
அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.

ஒன்பதாவது, வந்த காரணம்.
ஒரு வரிதான் இடம்.

"சாமான் விலை, அக்கா.
பால்மா இல்லை. மண்ணெண்ணெய் இல்லை."

பேனா நின்றது.
உலகம் கூடி ஒப்புக்கொண்ட காரணங்கள் ஐந்து:
இனம், மதம், நாட்டினம்,
ஒரு கூட்டத்தில் ஒருவராக இருப்பது,
அரசியல் கருத்து.
பசி வாசலில் நிற்கிறது,
யாரும் உள்ளே கூப்பிடவில்லை.
அந்த ஐந்துக்கும்கூட
இந்த நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதை
இவளிடம் எப்போது சொல்ல?
அகதி என்ற சொல் இங்கே
பேருந்து நிறுத்தத்தில் உண்டு, அட்டையில் உண்டு.
சட்டப் புத்தகத்தில் தேடினால்
அயல்நாட்டவர் என்ற பக்கத்தில்தான்
விரல் போய் நிற்கும்.

சொல்லிக்கொடுக்கக் கூடாது.
என் தொழிலில் மிச்சமிருக்கும் உப்பு அது.
கேட்கலாம். கேட்டேன்:
"வேறு ஏதும் பயம்?"

"பயமோ?"
மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.
"தம்பியின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு
ரோட்டோரம் இருந்தனாங்கள், ஆறு வருசம்.
வெள்ளிக்கிழமை எண்டால் நானும் போவன்.
பிறகொருநாள் மோட்டார் சைக்கிளில ரெண்டு பேர்.
மகன்ர பேர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம் எண்டு
மரியாதையாத்தான் கேட்டவை.
தண்ணியும் வாங்கிக் குடிச்சவை."

"அப்போ அது அரசியல்..."

"ஐயோ, அரசியல் எங்களுக்குத் தெரியா அக்கா.
படம் மட்டும்தான் பிடிச்சனான்."

பாம்பன் பக்கம் ரயில் ஊதியது.
அவள் தெரியாது என்று தள்ளிவிட்டதுதான்
நான் தேடிக்கொண்டிருந்த ஐந்தாவது.
அரசியல் என்று எழுதினால்
நான் பொய் எழுதினேன் என்று நினைப்பாள்.
பால்மா என்று எழுதினால்
யாரோ ஓர் அதிகாரி, மதியச் சாப்பாட்டுக்கு முன்,
ஒரு சுழிப்பில் முடித்துவிடுவார்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே,
எறும்பெழுத்தில்.
விலை, பால்மா, படம், வெள்ளிக்கிழமை,
குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த செம்பு.
வரி நிரம்பி
பத்தாம் கட்டத்துக்குள் வழிந்தது.
அலுவலக உபயோகத்துக்கு மட்டும்.

எழுத்தர் எட்டிப் பார்த்தார்.
"கட்டம் தாண்டுது, மேடம்."
தாண்டட்டும் என்றேன்.

இனி ஏழாவது.
"எந்தத் திட்டில் இறக்கிவிட்டான்?"
"இருட்டு அக்கா. இந்தியா எண்டு சொன்னவன்.
முழங்கால் தண்ணி.
விடியும் வரை மணல்ல நிண்டனாங்கள்."

ஐந்தாம் திட்டு என்றால் இந்தப் பக்கம்.
அடுத்தது என்றால்
இவள் இன்னும் வந்தே சேரவில்லை.
அலைக்கு அலை இடம் மாறும் மணலின்மேல்
எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"ஐஞ்சு" என்றான் பையன்,
அதுவரை வாய் திறக்காதவன்.
"நான் எண்ணினனான்."

"இவன்ர கதையை விடுங்கோ.
ஒழுங்கா எண்ணத் தெரியா.
பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப்போட்டன் எல்லோ."

"எப்போது நிறுத்தினீர்கள்?"

"அவை வந்து தண்ணி குடிச்சிட்டுப் போன
அடுத்த நாள்."

தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் முழுக்க
வெள்ளையாக இருந்தது.