நான்காம் நொடி

முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது,
உப்பு சரியில்லை.
எங்கள் ஊர் உப்புதான்.
வென்டோவருக்குக் கிழக்கே
ஆறு வாரம் கூடாரமடித்துப் படம்பிடித்த அதே வெளி.
அதற்கும் வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள்,
பழைய வெண்ணெய் நிறத்தில்.
விளையாட்டில் அது வெள்ளை.
கண் கூச, மணிக்கணக்கில்
ஒன்றுமே நடக்காத வெள்ளை.

‘சாம்பல் மைல்’ வந்தபோது
எனக்குப் பதினாறு, ருலனுக்குப் பதின்மூன்று.
டிரெய்லர் வீட்டில் ஒரே கன்ட்ரோலர்.
விளையாட்டுக்குள் பகலானால் அவன், இரவானால் நான்.
உலகம் முடிந்த பிறகு
ரீனோவிலிருந்து கிழக்கே நானூறு மைல்
கட்டைவிரலால் நடந்தோம்.
அம்மா மோட்டலில் படுக்கை விரித்துவிட்டுத் திரும்புவதற்குள்
ஒரு பாலமாவது கடந்திருக்க வேண்டும்.

தொடரில் அந்த நடை
ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது.
கிதார் ஓய்வதற்குள் நாயகி
சால்ட் லேக் சேர்ந்துவிட்டாள்.
பூட்ஸ் தேயவில்லை.
தாகத்தை நன்றாக நடிக்கிறாள்,
அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.
பெட்ரோல் பங்கில் இரண்டு எதிரிகள்
கடைசி பீச் டின்னைத் திறக்கத் தெரியாமல்
சிரித்துவிடும் இடம்கூட
விளையாட்டில் இல்லாதது,
இருந்திருக்க வேண்டியது.

என் வழக்கு வேறு.

விளையாட்டில் ஒவ்வொரு பிணத்தருகிலும்
ஒரு முக்கோணம் மினுங்கும்.
அழுத்திப் பிடித்தால்
கை நீண்டு, கிடைத்த துணியை இழுத்து
முகத்தை மூடும்.
அவ்வளவுதான்.
புள்ளி கிடையாது, தோட்டா கிடையாது,
எந்தக் கதவும் திறக்காது.
மூன்று நொடி வீண்.
அதற்குள் பின்னால் வருபவை வந்துவிடும்.
நான் ஒன்றைக்கூட மூடியதில்லை.
ருலன் ஒன்றைக்கூட விட்டதில்லை.
அதனாலேயே செத்துச் செத்துப் பிழைத்தான்.
“ஓடுடா மடையா” என்று
தோளில் குத்துவேன்.
முக்கோணத்திலிருந்து விரலை எடுக்காமலே
குத்தை வாங்கிக்கொள்வான்.

தொடரில் நாயகி
ஒரே ஒரு முகத்தை மூடுகிறாள்.
வயலின்கள் எழும்புகின்றன.
அவள் கண்ணீர் திரளும்வரை
கேமரா பொறுமையாக நிற்கிறது.

மூன்றாம் அத்தியாயம்.
ருலன் என் சோபாவில், மடியில் பீட்சா,
பொட்டாஷ் ஆலைச் சட்டையைக்கூட மாற்றாமல்.
“இப்ப வருவேன் பாரு, ஜோலீன்.”
வந்தான்.
கவிழ்ந்த பேருந்தின் நிழலில்
ஒன்பது பிணங்களில் ஆறாவது.
ஊர்க்காரர்களுக்கு நாளுக்கு நூற்றைம்பது டாலர்,
மதியச் சாப்பாடு, முகத்தில் அப்பச் சோளமாவு.
இரண்டு பேர் தள்ளி
கேசினோவில் என்னோடு சில்லறை எண்ணும் லடானா,
கம்மலைக் கழற்ற மறந்து செத்துக்கிடந்தாள்.

நாயகி தாண்டிப் போகிறாள்.
நான்காம் நொடியில்
அவன் வயிறு மெல்ல எழுந்து தணிகிறது.
“மூச்ச அடக்கச் சொன்னாங்க, முடியல.”
சிரித்தான். சிரிப்பு
இருமலில் போய் முட்டிக்கொண்டது.
ஆலையில் இது எட்டாவது வருடம்.
சிகரெட்டை விடச் சொல்கிறாராம் டாக்டர்.
அவன் பிடித்ததே இல்லை.

என் கட்டைவிரல்
ரிமோட்டில் எதையோ தேடியது.
அழுத்திப் பிடித்தேன்.
சத்தம்தான் குறைந்தது.
ஊமையாய் நடந்துபோனாள் நாயகி.
அவன் முகம் திறந்தே கிடந்தது.

“எத்தன நட்சத்திரம் குடுப்ப?”
இரண்டு என்று வைத்திருந்தேன், அதுவரை.
பதில் சொல்லாமல் திரும்ப ஓடவிட்டேன்.
அந்த நான்கு நொடி.
திரும்பவும்.
எவ்வளவு காசு கொட்டியிருப்பார்கள்,
எத்தனை பேர் ஒவ்வொரு சட்டமாகப் பார்த்திருப்பார்கள்,
அந்த மூச்சு மட்டும்
எல்லார் கண்ணுக்கும் தப்பி வந்திருக்கிறது.
ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ
கேள்வி கேட்டவன் தூங்கிவிட்டான்,
வாய் திறந்தபடி,
தாடையில் சீஸ்,
டிவி வெளிச்சம் அப்பிய முகம்.

போர்வையை எடுத்துவந்து
கழுத்துவரை இழுத்துவிட்டேன்.
அதற்குமேல் இழுக்கவில்லை.