இரண்டாயிரம் நம்பர் பேப்பர்

மினுங்கினால் வேலை முடியவில்லை,
மங்கினால் சரி.
நாலு நாளாக இதைக் கைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
கைக்குப் புரிந்துவிட்டது,
கண்தான் கேட்கமாட்டேன் என்கிறது.

அப்புத்தளையில் பெயின்ட் அடிப்பவன்
முதலில் தெற்கைப் பார்க்க வேண்டும்.
அன்று பத்து மணி வரை கீழே எல்லாம் தெளிவு,
உடவளவைக் குளம்கூடத் தெரிந்தது
வெட்டிப் போட்ட தகரத் துண்டு போல.
நம்பி இறங்கினேன்.
நீலம் இரண்டு கோட்,
அதற்குமேல் கிளியர் லெக்கர் மூன்று.
மூன்றாவது பொனட்டில் ஏறும்போது
சரிவேறி வந்தது மூடுபனி.
டிக்கட் எடுக்காத பயணி மாதிரி
படங்கைத் தூக்கி உள்ளே நுழைந்து
ஈரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.

காய்ந்தபின் பார்த்தால்
கதவு முழுக்கத் தோடம்பழத் தோல்,
பொனட்டில் பால் கலந்தாற்போல் ஒரு வெளிறல்,
இடப்பக்க மட்கார்ட்டில்
ஆறு காலும் விரித்தபடி ஒரு கொசு.

"அழகாத்தானே இருக்கு" என்றாள் பவளராணி
தரம் பத்து விடைத்தாளிலிருந்து தலை தூக்காமல்.
வெலிமடையில் ஒரு கோழிப்பண்ணை ஓரம்
பின்சீட்டில் முட்டையிடக் கோழிகள் பழகியிருந்த
இந்த மொரிஸ் மைனரை
நான் காசு கொடுத்து இழுத்து வந்தபோது
அவள் பேசாதிருந்த நாட்கள் பதினொன்று.

பேப்பரை இரவே ஊறப்போட்டேன்.
ஆயிரத்தைந்நூறு, பிறகு இரண்டாயிரம்.
பெல்ட்டைக் கழற்றினேன், கைக்கடிகாரத்தை, மோதிரத்தை.
கீறக்கூடிய எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது.
ரப்பர் கட்டையோடு நேராகப் போய்
நேராகத் திரும்பி வர,
அன்று வந்த மூடுபனி
வெள்ளைத் தண்ணீராய் வடிந்து வாளிக்குள் இறங்கியது.
துடைத்துப் பார்த்தால் மேடுகள் மங்கியிருக்கும்,
பள்ளங்கள் மட்டும் கண் சிமிட்டும்
எங்களை இன்னும் தொடவில்லையே என்று.
கொசுவுக்கு முதலில் இறக்கை போனது,
பிறகு ஒவ்வொரு காலாக.
கடைசியில் ஒரு காற்புள்ளி.
பிறகு அதுவும் இல்லை.

தண்ணீர் வெள்ளையாய் ஓடும்வரை பயமில்லை.
நீலம் கலந்தால் நிறுத்து.
தெரிந்துதான் இருந்தேன்.
நாலாம் நாள் மூன்று மணிக்கு
பொனட்டின் நடுமுகட்டில்,
டேப் ஒட்ட மறந்த இடத்தில்
நீலம் வந்தது.
கையை எடுப்பதற்குள் சாம்பல் பிரைமர்,
அதற்கும் கீழே எவரோ எப்போதோ அடித்த பச்சை,
இரண்டு ரூபாய்க் காசளவு.
வாயில் வந்ததைச் சொன்னேன்.
பக்கத்து வீட்டு சுனேத்ராவின் நாய்
எழுந்து வேறிடம் போய்ப் படுத்தது.

ஃபாஹிமிடம் வாடகைக்கு எடுத்த மெஷின்,
அஞ்சு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
என்ன செய்ய, பொலிஷைத் தடவி ஓட்டினேன்.
கம்பளி வட்டு சுழலச் சுழல
மங்கலுக்குள் முதலில் தெரிந்தது படங்கின் ஓட்டை,
பிறகு ஓட்டைக்கு வெளியே ஒரு பைன் மரம்,
பிறகு மூக்கு பெருத்த நான்.
பாதி பொனட் முடிகையில் கரண்ட் போனது.
வட்டு தானாக நாலு சுற்றுச் சுற்றி
நின்றது.

காதில் சிவப்புப் பேனாவோடு வந்தாள்.
பொனட்டைப் பார்ப்பாள் என்று விலகி நின்றேன்.
அவள் பார்த்தது என் விரலை.

"மோதிரம் எங்க?"

டின் மூடியில் வைத்திருந்தேன்.
மூடி கவிழ்ந்து கிடந்தது வாளியோரம்.
சட்டைக் கையை மடித்து
முழங்கை வரை உள்ளே விட்டாள்,
நாலு நாள் சேற்றைத் துழாவினாள்,
எடுத்தாள்.
கையைத் துடைக்கவில்லை.
முகட்டில் தெரிந்த பச்சையின்மேல்
பெருவிரலை வைத்துப் பார்த்தாள்.
சரியாக மூடியது.

"இது முழுசாக் காய எத்தன நாளாகும்?"
"வெயில் இருந்தா முப்பது."

தெற்கே ஒருமுறை பார்த்தாள்.
அதே பெருவிரலில் மோதிரத்தை மாட்டிக்கொண்டு
"அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்" என்று
விடைத்தாள்களுக்குத் திரும்பினாள்.

பொனட்டில் பாதி தூரம்
அவள் முதுகு கூடவே போனது.
மங்கிய பாதியில்
இல்லை.