கயிறில்லாதது

மங்கிஸ்தாவ் புல்வெளியில் மைனஸ் பத்தொன்பது.
ஒட்டகங்கள் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கின்றன.
நானூற்றுப் பதினேழாம் கிணற்றுக்கு
டொர்கின் அதை ஏந்தி வந்தாள்,
கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குவதுபோல
உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி.

முழங்கை நீளம். மணிக்கட்டுப் பருமன்.
உள்ளே போனபின் அதற்கு யாரும்
எதுவும் சொல்ல முடியாது என்றாள்.
எங்கே நிற்பது, எதை அளப்பது,
எப்போது திரும்புவது, எல்லாம் அதன் பாடு.
வயிற்றிலுள்ள எடையை அடியில் அவிழ்த்துவிட்டு
எண்ணெயில் மிதந்து ஏறிவிடும்.
எடை உப்புநீரில் ஒரு வாரத்தில் கரையும்.

நான் வின்ச் லாரிக்காரன்.
நாலாயிரம் மீட்டர் எஃகுக் கம்பி
என் இருக்கைக்குப் பின்னால் சுற்றியபடி.
பதினான்கு வருடமாக ஒரு விரலைக் கம்பிமேல் வைத்தே
கிணறுகளைத் தெரிந்துகொண்டவன்.
கருவி மெழுகில் உரசுவது, இணைப்பைத் தாண்டுவது,
எல்லாம் பல்வலிபோல மேலே வரும்.

இன்று, "சும்மா நில், நூர்துலேவ்.
தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்."

தேவைப்பட்டால் என்றால், தொலைந்தால்.
கம்பி நுனியில் பாதாளக்கரண்டி மாட்டினேன்.
அதன் கொக்கிகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் கூடத் தடவினேன்.

வால்வு திறந்தது.
கம்பி இல்லாமல் ஒன்று கிணற்றுக்குள் போவதைப் பார்த்து
எனக்கு உள்ளங்கை அரித்தது.

ஆறு மணி நேரம் என்றாள்.
ஆறு ஆனது.
ஆறரை.
அவள் மடிக்கணினியை மூடினாள், திறந்தாள்,
திரையில் படிந்த உறைபனியைச் சுரண்டினாள்.

எனக்குத் தெரியும்.
ஆயிரத்து முந்நூற்றுப் பத்தில் குழாய் நெளிந்திருக்கிறது.
பதினோரு வருடம் முன்பு என் கருவி அங்கேதான் சிக்கியது.
விடிய விடிய இழுத்து மீட்டோம்.
'கோளாறு ஏதுமில்லை' என்று அறிக்கை போனது.
எழுதச் சொன்னது ஃபோர்மேன்.
கையெழுத்து என்னுடையது.

சொல்லியிருக்கலாம்.
லாரியில் உட்கார்ந்து
ஏற்கெனவே பளபளத்த கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாகப் போகும் நேரம்
டொர்கின் கையுறையைக் கழற்றி
வெறும் விரலைக் குழாய்மேல் வைத்தாள்.
தோல் ஒட்டிக்கொள்ளும் என்று கத்த வாயெடுத்தேன்.
அவள் மற்ற கையை உயர்த்தி என்னை அடக்கினாள்.

டொக்.

உள்ளிருந்து, அவ்வளவுதான்.
கதவு தட்டத் தெரியாத குழந்தை தட்டுவதுபோல.

அதன் ஒரு பக்கம் முழுக்கக் கீறல்.
மெழுகும் கரும்பிசினும் வழிய
என் கைகளில்தான் முதலில் கிடத்தினாள்.
இன்னும் சூடாக இருந்தது.
இந்தக் குளிரில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தின் சூடு.
கீழே வைக்க மனமில்லாமல் வைத்திருந்தேன்.

பின்பு லாரிக்குள், ஹீட்டர் அருகே, திரையில் கோடு:
இறங்குகிறது, இறங்குகிறது,
ஓரிடத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம் படுத்துக்கிடக்கிறது.
திரும்பத் திரும்பத் தன்னைத் திருகி
வழி தேடிய அடையாளம், பொடிப்பொடிப் பற்களாக.
எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது அது.
ஒன்றையும் விடவில்லை.

"ஆயிரத்து முந்நூற்று..." என்று தொடங்கினாள்.
"பத்து" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.
"எப்போதிலிருந்து தெரியும்?"

என் தேநீரில் ஆடை படிந்திருந்தது.
விரலால் ஒதுக்கினேன்.