பதின்மூன்று ஹேங்கர்

பிப்ரவரி வந்தால் யாராவது தொடங்கிவிடுகிறார்கள்.
தம்பெரேயில், ரயில்பாலத்தை ஒட்டிய மதுக்கடையில்,
பூட்ஸிலிருந்து உருகிய பனி
மேசைக்கடியில் குளம் கட்டிக்கொண்டிருக்கும்போது:
"ரைனேக்காக வாசித்த அன்றைக்கு நீ இருந்தாய்தானே?"

இருந்தேன் என்கிறேன்.

இல்போ ஒரு வார்த்தை பேசவில்லை என்பான் யார்மோ.
நேரே வந்தான், ரைனேயின் பேஸ் கிதாரை
ரைனே நிற்கும் இடத்தில் சாய்த்து வைத்தான்,
ஐந்தாவது பாட்டைத் தொடங்கினான்.

பேசினான் என்பாள் ஹன்னெலே.
"செத்தவன் எனக்கு இருநூறு மார்க் தரவேண்டும்" என்றான்,
எல்லோரும் சிரித்தோம்,
சிரித்த வேகத்தில் முன்னே நின்ற யாரோ ஒருவரின்
தோளில் என் பல் இடித்தது,
பல் பொய் சொல்லுமா?

கிதாரே கிடையாது, வெறும் ஸ்டாண்டுதான் என்பான் சாகு.
கிதாரை அவன் அக்கா யாம்சாவுக்கு எடுத்துப் போய்விட்டாள்,
அடக்கம் முடிந்த மறுநாளே.

அறுநூறு பேர் கொள்ளும் கூடம் அது.
அன்று உள்ளே இருந்ததாகச் சொல்பவர்கள்
இதற்குள் ஆயிரத்தைத் தாண்டியிருப்பார்கள்.
அதில் நான் ஒருத்தி.

நான் கோட்டுகளோடு இருந்தேன்.
டிக்கெட்டுக்குக் காசில்லை, கோட்டு வாங்கி வைக்க ஆள் தேவைப்பட்டது.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஐந்நூற்று எண்பத்தேழு கோட்டு,
ஓரத்தில் பதின்மூன்று காலி ஹேங்கர்,
எனக்கும் மேடைக்கும் நடுவே
பழைய நெசவாலையின் சுவர்.

அந்தச் சுவர் எல்லாரையும் விடாது.
குரலை நிறுத்திவிடும்.
கிதார், யாரோ தகரம் சுரண்டுவதுபோல் வந்து சேரும்.
பேஸ் மட்டும் செங்கல்லிடம் அனுமதி கேட்காது.
ரைனே இருந்தவரை
ஈரக் கையுறைகளின் கச்சேரிகளை நான் இப்படித்தான் கேட்டேன்:
காலி ஹேங்கர்கள் ஒன்றையொன்று உரசி முணுமுணுக்க,
முட்டியால்.

அன்றும் நான்கு பாட்டுக்கு முணுமுணுத்தன.
வாசித்தது இரவல் ஆள், பெத்தேரி, பத்தொன்பது வயது.
ஐந்தாவதில் சட்டென்று நின்றன.
மின்சாரம் போய்விட்டதென்று நினைத்தேன்.
தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே இருந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ள
இல்போவின் குரல் இருந்தது,
டிரம் இருந்தது, பக்கத்து ஆளின் முதுகு இருந்தது.
எனக்கு ரைனே இல்லாதது மட்டும்,
தண்ணீர் கலக்காமல்.

பக்கக் கதவு திறந்தது.
பெத்தேரி வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தான்,
மேடை வியர்வையோடு, குளிரில் ஆவி பறக்க.
இந்தப் பாட்டுக்கு நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.
கோபமா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை.
வலது கையின் இரண்டு விரல்கள்
தொடையில் நடந்துகொண்டிருந்தன.

பிறகு பதின்மூன்றும் மெல்ல ஆடின.
கூட்டம் வாயை மூடிக்கொண்டு
ரைனேயின் பகுதியை முனகத் தொடங்கியிருந்தது.
இதில் மட்டும் மூவருக்கும் சண்டையில்லை.
முதலில் முனகியது யார் என்றால் மறுபடி சண்டை:
யார்மோ, ஹன்னெலே, சாகு,
மூவரும் தான்தான் என்கிறார்கள்.

பெத்தேரி தலை சாய்த்துக் கேட்டான்.
விரல்கள் நின்றுவிட்டன.
"வேகமாகப் போகிறார்கள்" என்றான்.
"அவர் இவ்வளவு அவசரப்பட மாட்டார்."
மூக்கைத் துடைக்க ஏதாவது கேட்டான்;
நானூற்றுப் பன்னிரண்டின் கோட்டுப் பையில்
மடித்த கைக்குட்டை இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷமும் ஹன்னெலே கேட்கிறாள்:
நீ எந்தப் பக்கம் நின்றாய்,
உன்னைப் பார்த்த ஞாபகமே இல்லையே?

இடது பக்கம் என்கிறேன்,
கொஞ்சம் பின்னால்.