வெள்ளம் கோருதல்

குளச்சலில் வள்ளத்துப் பம்பு ரிப்பேர் செய்கிறவன் நான்.
அடித்தட்டில் ஊறும் வெள்ளத்தை
விடியும்வரை துப்பிக்கொண்டே இருக்கிற பம்பு,
உள்ளங்கை அளவுதான்.
நின்றுபோனால்
ஆறு பேர் நீந்தவேண்டும்.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
மகளின் ரிசல்ட் தாளைத் திருப்பிப்போட்டு
டாக்டர் லீமா ஒரு வட்டம் வரைந்தார்,
வட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு குழாய்.
"மருந்து உள்ள போவுது.
இது பிடிச்சு வெளிய தள்ளுது.
எல்லா செல்லும் இல்ல, சிலது."
"எத்தன எச்பி?" என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
நானும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் கணக்கு:
பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாதது
ஆயிரத்துக்கு மூன்று.
வேறொரு நாளென்றால்
வலையில் ஒட்டின செதில் என்று
உதறியிருப்பேன்.

கல்லறைத் தோட்டத்து மதிலோரம்
ஆடு கடிக்காமல் விட்டுப்போகும்
நித்தியகல்யாணி.
அதிலிருந்துதான் ஒரு மருந்து என்றார் நர்ஸ்.
ஜெர்லிட்டா அதைப் பறித்துப்
பொம்மைக்குச் சூட்டியவள்.
நாலு ஊசிக்குப் பிறகு
பாதம் தூக்க மறந்து,
ஈர மணலில் போகிறவள் மாதிரி
வார்டின் தரையில் நடக்கிறாள்.

இன்னொரு மருந்து
அந்தச் செல்களைப் பட்டினி போடுமாம்.
மஜ்ஜைக்குள் பக்கத்துச் செல்கள்
ஒளித்துவைத்து ஊட்டுகின்றனவாம்.
தடைக்காலத்தில் எங்களுக்கு
ராயப்பன் கடையில் அரிசி தந்தார்கள், கடனுக்கு.
அதனால்
யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"அந்தப் பம்ப அடச்சிரலாமே டாக்டர்?"
"அடச்சுப் பாத்தாங்க.
அதே பம்பு நல்ல செல்லுலயும் இருக்கு.
குடலுல, மூளை வாசல்ல.
வெஷத்த வெளிய தள்ளத்தான்
ஒடம்பு வச்சிருக்கு அத."

ராத்திரி ரெண்டு மணிக்குப் பனியடிமை போன் செய்தான்.
மூணு மணிக்கு வள்ளம் இறங்கணும், பம்பு ஓடவில்லை.
மனைவி கட்டிலருகே முழித்திருந்தாள் ஆஸ்பத்திரியில்.
நான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கழற்றினேன்.
உள்ளே ஒரு நைலான் நூல், சுற்றிக்கிடந்தது.
அறுத்தேன்.
இருமிற்று.
பிறகு துப்பத் தொடங்கியது.

இருபது வருஷமாய்க் கேட்ட சத்தம்.
அன்றைக்குப் பிடிக்கவில்லை.

வாயைப் பெருவிரலால் பொத்தினேன்.
தள்ளியது.
இன்னும் அழுத்தினேன்.
தள்ளியது.
மோட்டார் சூடாகி
கருகல் மணம் ஏறியது.
"என்னலே பண்ணுக?" என்றான் பனியடிமை.
விரலை எடுத்தேன்.

திங்கட்கிழமை புது மருந்து.
பேர் எழுதின சீட்டு
சட்டைப் பையில் கிரீஸ் பட்டுக் கிடக்கிறது.
மருந்துக் கடைக்காரன்
கடைசி இரண்டு எழுத்தை
வாசிக்க முடியவில்லை என்கிறான்.